போன வருஷமும் இதைத்தான் கேட்டீங்க

நாங்கள் கொண்டுபோன கேள்வித்தாளில் 38 கேள்விகள். மாணவர்கள் மூன்று வாரம் உட்கார்ந்து தயாரித்தது. படுத்த படுக்கையாகிவிட்டவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களைப் பற்றிய ஆய்வு. கதவைத் திறந்த அம்மா தாளை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. மருந்துச் சீட்டுகளுக்கு நடுவிலிருந்து நான்காக மடித்த காகிதம் ஒன்றை உருவிக் கொடுத்தார். முந்தைய வருட மாணவர்கள் அவரிடம் விட்டுச்சென்ற ஒப்புதல் படிவத்தின் நகல். அடியில் என் கையெழுத்து.

“போன வருஷமும் இதைத்தான் கேட்டீங்க. எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். அப்புறம் என்னம்மா ஆச்சு?”

கூட வந்திருந்த நான்கு மாணவர்களும் என் முகத்தைப் பார்த்தார்கள். என்ன ஆயிற்று என்பது எனக்குத் தெரியும். அழகான ரிப்போர்ட் ஒன்று தயாரானது. ஆண்டு விழாவில் அந்தக் குழுவுக்குக் கைதட்டல் கிடைத்தது. ரிப்போர்ட் என் அலமாரியில் இருந்தது. அதன் ஒரு பக்கத்தைக்கூட அந்த அம்மாவிடம் நாங்கள் காட்டியதில்லை.

சமூகப் பிரச்சினைகளை மையமாக வைத்து ஒரு பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சி நடத்துவது என் வேலை. வருடத்துக்கு 24 மாணவர்கள், ஆறு குழுக்கள். ஆட்களைத் தேர்ந்தெடுப்பது, வகுப்பு, களப்பணி, நிதி அலுவலகத்தோடு மல்லுக்கட்டுவது எல்லாம் என் தலையில்தான். அன்று வீடு திரும்பியதும் நான் செய்த முதல் காரியம், அமெரிக்கக் கொள்கை ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-ல் எழுதிய கட்டுரையை மறுபடி எடுத்துப் படித்தது. மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக அவர் வரைந்து காட்டியது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். நானே ஒவ்வொரு வருடமும் பலகையில் வரைவேன். கீழ்ப்படியில் மக்களை ஏமாற்றி இணங்க வைப்பது, மேல்படியில் முடிவு அவர்கள் கையிலேயே இருப்பது. நான்காவது படி கருத்துக் கேட்பு. கேட்டதைக் கணக்கில் எடுப்போம் என்ற உறுதி இல்லாவிட்டால் அது வெறும் சடங்கு என்கிறார். அந்தப் படிக்கு அவர் முதலில் சொல்லும் உதாரணமே சர்வேதான். வாரத்துக்கு எத்தனை தடவைதான் வந்து கேட்பார்கள் என்று மக்கள் சலித்துப்போனதையும் அப்போதே எழுதியிருக்கிறார். அத்தனை வருடம் பாடம் நடத்தியும், நான் எந்தப் படியில் நிற்கிறேன் என்று பார்க்கத் தோன்றவில்லை.

அதே கட்டுரையில் பிரெஞ்சு மாணவர்களின் சுவரொட்டி ஒன்று வருகிறது. இலக்கணப் பாடம் மாதிரி இருக்கும்: நான் பங்கேற்கிறேன், நீ பங்கேற்கிறாய், அவன் பங்கேற்கிறான், நாம் பங்கேற்கிறோம், நீங்கள் பங்கேற்கிறீர்கள். கடைசி வரி மட்டும், அவர்கள் லாபம் அடைகிறார்கள். அந்த ‘அவர்கள்’ எங்கள் விஷயத்தில் யார்? மாணவர்களுக்குச் சான்றிதழ், எனக்கு அடுத்த வருட நிதி.

அந்த வருடம் கேள்வித்தாளைக் கீழே வைத்தோம். மாணவர்களைப் பழைய ரிப்போர்ட்டோடு திருப்பி அனுப்பினேன். போன வருடம் நீங்கள் சொன்னது இது, நாங்கள் புரிந்துகொண்டது இது, சரியா தப்பா என்று கேட்டு வாருங்கள் என்று. அந்த அம்மா பொறுமையாகக் கேட்டாராம். பிறகு சொன்னாராம்: “ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைங்கன்னு சொல்லி அனுப்பிடுறாங்க. எப்படிப் புரட்டுறதுன்னு யாரும் காட்டலை. என் இடுப்பு போச்சு.”

எங்கள் 38 கேள்விகளில் இடுப்பைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

ஆனால் குழு உடனே அங்கே போய்ச் சேரவில்லை. மூன்று பேருக்கு ஒரு செயலி செய்ய ஆசை. பார்த்துக்கொள்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள, நேரம் நேரத்துக்கு நினைவூட்ட. நல்ல எண்ணம்தான், திறமையும் இருந்தது. நான்காவது மாணவி அதுவரை வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அன்று சொன்னாள்: “எங்க பாட்டியை அம்மாதான் பார்த்துக்கிட்டாங்க. ஃபோனை எடுத்துப் பார்க்க அவங்க கை காலியா இருந்ததே இல்லை.” அதன் பிறகு இரண்டு வாரம் சண்டை. பழைய நானாக இருந்தால் இடையில் புகுந்து சமாதானம் செய்திருப்பேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் உருவாகி 1996-ல் வெளியான ‘சமூக மாற்றத்துக்கான தலைமை’ என்ற பயிற்சி மாதிரியில் ஏழு விழுமியங்கள் உண்டு. அதில் ஒன்று, பண்போடு முரண்படுவது. மற்ற ஆறையும் வகுப்பில் விளக்கிவிடலாம். இதை மட்டும் நடக்க விட்டால்தான் கற்றுக்கொள்ள முடியும். சண்டையே வராத குழுவைப் பார்த்தால்தான் இப்போது எனக்குக் கவலை.

கடைசியில் செவிலியர் பயிற்சி தரும் ஓர் ஆசிரியரை அழைத்துவந்தார்கள். பதினோரு பேர் வந்தார்கள். ஒரு மாணவன் நோயாளியாகப் படுத்துக்கொள்ள, ஆசிரியர் காட்டினார். கட்டிலை ஒட்டி நில்லுங்கள். அவருடைய தூரத்துப் பக்கக் கையை மார்பின் குறுக்கே வையுங்கள். அதே பக்க முழங்காலை மடக்குங்கள். ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில். தூக்காதீர்கள், உங்கள் பக்கமாக உருட்டுங்கள். முதுகை வளைக்காமல் உங்கள் முழங்காலை மடக்குங்கள். அந்த அம்மா மூன்று தடவை செய்து பார்த்தார். மூன்றாவது தடவை அந்த நெட்டையான பையன் சிரமமே இல்லாமல் புரண்டான். அவர் கொஞ்ச நேரம் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பயிற்சிக்காக இரண்டு மணி நேரம் அவர்கள் வெளியே வர வேண்டுமென்றால், வீட்டில் நோயாளியோடு யாராவது இருக்க வேண்டும். அதற்கு ஆள் வைக்கப் பணம் கேட்டபோது, திட்டத்தில் அப்படி ஒரு செலவினமே இல்லை என்று நிதி அலுவலகம் மறுத்தது. விருந்தினராக வரும் பேச்சாளருக்குக் கேள்வியில்லாமல் கொடுக்கிறோமே, இவர்களும் நமக்குக் கற்பிக்கத்தான் வருகிறார்கள் என்று நான்கு கடிதம் எழுதினேன். மதிப்பூதியம் என்ற தலைப்பில் ஒப்புக்கொண்டார்கள். இந்த வேலையில் நான் செய்த எதையும்விட அந்த ஒரு வரியைப் பெரிதாக நினைக்கிறேன்.

ஆள் தேர்வையும் மாற்றினேன். முன்பெல்லாம் மேடையில் நன்றாகப் பேசுகிறவர்களே உள்ளே வருவார்கள். இப்போது கேட்பது ஒன்றுதான்: வேறொருவர் சொன்னதைக் கேட்டு உன் கருத்தை மாற்றிக்கொண்ட ஒரு சந்தர்ப்பத்தைச் சொல். சிலர் வெகுநேரம் யோசிக்கிறார்கள். அவர்களுக்காகக் காத்திருக்கிறேன்.

செமஸ்டர் முடிந்துவிடும், அந்த வீட்டில் எதுவும் முடியாது. அதனால் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நோட்டு. யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார்கள், என்ன வாக்குக் கொடுத்தோம், எது பாக்கி. புதிய பேட்ச் வந்ததும் பழையவர்களில் ஒருவர் நோட்டோடு கூடவே போக வேண்டும், முதல் ஒரு மாதம். பரீட்சை, இன்டர்ன்ஷிப் என்று சிலர் நழுவப் பார்ப்பார்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

போன மாதம் அப்படித்தான், பாட்டியைப் பற்றிச் சொன்ன அந்த மாணவி இரண்டு புதியவர்களைக் கூட்டிக்கொண்டு போனாள். நானும் போயிருந்தேன். கதவு திறந்தது. அந்த அம்மா புதிய முகங்களைப் பார்த்தார், அவர்கள் கையில் காகிதம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“வாம்மா. செருப்பை மெதுவாக் கழட்டுங்க, இப்பத்தான் கண் அசந்தார்.”