ஒளிக்கு முன்னால் ஓட முடியுமா?

சந்தை விலையை மற்றவர்களுக்கு ஒரு கணம் முன்னால் தெரிந்துகொண்டு லாபம் பார்க்கும் வர்த்தக நிறுவனம் ஒன்றில், நெட்வொர்க் பிரிவில் எனக்கு வேலை. குவாண்டம் பிணைப்பை, அதாவது எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் இரண்டு துகள்களின் அளவீடுகள் ஒத்துப்போவதை, ஆராய்ந்ததற்காக 2022இல் அலைன் ஆஸ்பெக்ட், ஜான் கிளாசர், ஆண்டன் சைலிங்கர் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்ததும் மேலிடத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது: "குவாண்டம் பிணைப்பை வைத்து சிகாகோ சந்தை விலையை நியூஜெர்சி சந்தைக்கு அந்தக் கணமே அனுப்ப முடியாதா?"

கேட்டதில் தப்பில்லை. இந்தத் தொழிலே அப்படித்தான் வளர்ந்தது. 2010இல் மலைகளைக் குடைந்து அந்த இரண்டு ஊர்ப்பக்கத்தையும் நேராக இணைத்த கண்ணாடி இழை (ஃபைபர்), போய்வர சுமார் 13 மில்லி விநாடி எடுத்தது. கண்ணாடிக்குள் ஒளி தன் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் ஓடும். காற்றில் அந்தச் சிக்கல் இல்லை என்பதால் மைக்ரோவேவ் கோபுரங்கள் வந்தன. 9 மில்லி விநாடிக்கும் கீழே இறங்கிவிட்டது. கனமழை வந்தால் சிக்னல் தேய்ந்துவிடும். அன்றைக்கு ஆர்டர்களை ஃபைபருக்கு மாற்றிவிட்டு ரேடார் படத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். ஆனால் வெற்றிடத்தில் ஒளி போய்வரவே ஏறக்குறைய 8 மில்லி விநாடி வேண்டும். இனி சுரண்ட மிச்சம் அதிகமில்லை.

அதனால்தான் பிணைப்பின் மேல் இத்தனை ஆசை. ஓர் ஆய்வகத்தில் அதை நேரில் பார்த்தேன். பிணைந்த ஒளித்துகள்களை (ஃபோட்டான்) அளக்கும் இரண்டு டிடெக்டர்கள், ஒவ்வொன்றின் திரையிலும் பூஜ்யமும் ஒன்றுமாக ஓடும் வரிசை. தனித்தனியாகப் பார்த்தால் வெறும் தற்செயல், ஒரு சேதியும் இல்லை. நேரக்குறிப்பை வைத்து இரண்டையும் பக்கத்தில் வைத்த பிறகுதான் பொருத்தம் தெரிகிறது. அப்படி வைக்க, ஒரு பட்டியல் சாதாரணக் கம்பி வழியே வந்தாக வேண்டும். விலையை அனுப்ப இதில் வழியே கிடையாது என்று மேலிடத்துக்கு எழுதினேன்.

அத்தோடு விட மனம் வரவில்லை. பேசிக்கொள்ளாமல் ஒத்துப்போவது என்று வேறொரு வேலை இருக்கிறது. இரண்டு சந்தையில் இரண்டு சர்வர்கள். இரண்டிலும் சிக்னல் வந்தால் எதிரெதிர் முடிவு, மற்ற நேரமெல்லாம் ஒரே முடிவு எடுக்க வேண்டும் என்று வைப்போம். ஒவ்வொரு பக்கமும் தனித்தனியே சிக்னல் வருவதும் வராததும் பாதிக்குப் பாதி. எதிர்ப்பக்கத்திலிருந்து சேதி வந்து முடிவெடுக்க 4 மில்லி விநாடியாவது ஆகும். வாய்ப்பு மைக்ரோ விநாடிகளில் போய்விடும். முன்கூட்டியே எப்படித் திட்டம் போட்டாலும் 75 சதவீதத்துக்கு மேல் ஜெயிக்க முடியாது. பிணைந்த ஃபோட்டான்களை அளந்து முடிவெடுத்தால் சுமார் 85 சதவீதம். ஒளியை முந்தாமலே கிடைக்கும் இந்த 10 சதவீதம் எனக்கு இன்றும் பிரமிப்பாக இருக்கிறது.

சரி, நாளைக்கே வாங்கி மாட்டலாமா? முடியாது. அவ்வளவு நீள ஃபைபரில் ஃபோட்டான் பிழைத்து வராது. 2017இல் சீனாவின் மிசியஸ் செயற்கைக்கோள் 1,200 கிலோமீட்டர் இடைவெளியில் பிணைப்பைக் காட்டியது. கிடைத்ததோ விநாடிக்கு ஏறக்குறைய ஒரு ஜோடி. ஜோடிகளை முன்பே சேர்த்து, சிக்னல் வரும்வரை கெடாமல் வைத்திருக்கும் குவாண்டம் நினைவகம் வேண்டும். வேகத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை அந்த நினைவக ஆராய்ச்சிக்குக் கொடுங்கள் என்றுதான் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன்.