பேட்டனைக் கடைசியில் வாங்கலாம்

மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ராவைக் கையசைத்து நடத்தும் ஆசை வந்ததும் பாளையங்கோட்டைப் பிள்ளைகள் முதலில் தேடுவது பேட்டனை, அதாவது நடத்துநர் கையில் பிடிக்கும் சின்னக் குச்சியை. அதற்கு அவசரமில்லை. சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என்று உச்சத்திலிருந்து அடிவரை நாலு குரலும் பாடுகிற சர்ச் கொயர் பக்கத்திலேயே இருக்கிறது. அதை நடத்த வெறுங்கை போதும்.

நாலு தட்டுக்கு வலது கை கீழே, இடது பக்கம், வலது பக்கம், மேலே. மூன்று தட்டுக்குக் கீழே, வலது பக்கம், மேலே. இது சீக்கிரம் படிந்துவிடும். படியாதது பாட்டுக்கு முந்தைய தட்டுதான். கை எழும்பும்போதே நீங்களும் மூச்சு இழுக்க வேண்டும். வேகமும் சத்த அளவும் அந்த ஒரு வீச்சிலேயே தெரிந்துவிட வேண்டும். நிமிடத்துக்கு 72 தட்டு என்றால் அந்த வீச்சுக்கு 0.83 வினாடி. பதற்றத்தில் கை வெடுக்கென்று எழுந்தால் சோப்ரானோ ஓடிவிடும், பாஸ் ஒத்திகை வேகத்திலேயே நிற்கும்.

தொடையில் தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இன்னொரு சிக்கல். அங்கே தட்டு காதுக்கு, இங்கே கண்ணுக்கு. கை திரும்பும் புள்ளி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு உயரத்தில் இருந்தால் பின்வரிசை ஊகித்துத்தான் பாடும்.

அதைவிடப் பெரிய தொல்லை தூரம். நம்ம வெயிலில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். கீபோர்டு 17 மீட்டர் தள்ளியிருந்தால் கொயருக்கு அது 50 மில்லிவினாடி பிந்திக் கேட்கும். கொயர் அதைக் கேட்டுப் பாட, அந்தப் பாட்டைக் கேட்டுக் கீபோர்டுக்காரர் வாசிக்க, பாமாலை வரிக்கு வரி இழுபடும். கையை இன்னும் பெரிதாக வீசிப் பிரயோஜனமில்லை. கீபோர்டைக் கொயர் பக்கம் நகர்த்துங்கள். முடியாதென்றால் வாசிப்பவர் உங்கள் கையைப் பார்க்கும்படி உட்காரட்டும்.

டானிக் சோல்ஃபா (டோ, ரே, மி எழுத்துகளில் பாட்டை எழுதும் முறை) மட்டும் தெரிந்தவர்கள் ஸ்டாஃப் நொட்டேஷனுக்கு, அதாவது ஐந்து கோட்டில் சுரம் எழுதும் முறைக்கு, மாறியே ஆகவேண்டும். சில வாத்தியங்களுக்கு எழுதுவது ஒரு சுரம், ஒலிப்பது வேறு. ஸ்கோரில் (எல்லா வாத்தியங்களின் சுரங்களையும் சேர்த்து எழுதிய தாளில்) பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கு 'சி' எழுதியிருந்தால் ஒலிப்பது பி ஃபிளாட். எஃப் ஹார்னில் அதே 'சி', கீழே உள்ள எஃப். இது மனதில் ஓடாவிட்டால் ஒத்திகையில் தப்பு யாருடையது என்றே பிடிபடாது.

பியானோவும் ஹார்மனியும் (சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் முறை) கூடவே வேண்டும், ஏதாவது ஒரு ஆர்க்கெஸ்ட்ரா வாத்தியமும். மும்பையில் பிறந்த ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர் சுபின் மேத்தா வியன்னாவில் டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியமும் படித்தவர். 1958இல் லிவர்பூலில் நடந்த நடத்துநர் போட்டியில் ஜெயித்தும் அவருக்கு முதலில் கிடைத்தது உதவி நடத்துநர் வேலைதான். உதவியாளராக இருக்கும்போது ஒத்திகை முழுக்க ஹாலின் பின்னால் உட்கார்ந்து, எந்த வாத்தியம் எதை மூழ்கடிக்கிறது என்று சொல்ல வேண்டும். நம்ம சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அடுத்த ஞாயிறே அதைத் தொடங்கலாம்.