பங்காளி யார், மொய் வைத்தவர் யார்: எங்கள் குடும்பக் கோப்பைச் சலித்த அனுபவம்

நாலு மாதமாகத் தூக்கத்தைக் கெடுத்த வேலை போன வாரம்தான் ஒரு நிலைக்கு வந்தது. எங்கள் குடும்ப வரலாற்றுக் கோப்பில் 4,312 பேர் இருந்தார்கள். அதில் உண்மையான உறவு யார், உறவே இல்லாமல் உள்ளே வந்தவர் யார் என்று பிரிக்க வேண்டும். இதே வேலையில் இறங்கும் நம் நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) யாராவது இருந்தால், நான் பட்ட பாடு அவர்களுக்காவது மிச்சமாகட்டும்.

பினாங்கில் இருக்கும் சின்னப்பச்சி மகன் ஒரு கோப்பு வைத்திருந்தார், சென்னையில் அயித்தை மகள் இன்னொன்று. இரண்டையும் ஜெட்காமாக (குடும்ப மரத்துக்கான பொதுக் கோப்பு வடிவம்) வாங்கி, கிராம்ப்ஸ் என்ற குடும்ப வரலாற்று மென்பொருளில் ஏற்றினேன். அதுவரை சிக்கல் இல்லை. ஆனால் இருவருமே பழைய மொய்ப்பண ஏட்டில் இருந்த ஒவ்வொரு பெயரையும் ஓர் ஆளாகப் பதிந்திருந்தார்கள். எங்கள் ரங்கூன் மொகல் தெருக் கடையின் கணக்கில் வரும் மேலாள் (முதலாளிக்காகக் கடையை நடத்துபவர்), அவருக்கு அடுத்த நிலையிலுள்ள அடுத்தாள், பெட்டியடிப் பையன் வரை எல்லாரும் கோப்பில் இருந்தார்கள். மேலாள் முதலாளியின் விலாசத்திலேயே (பெயருக்கு முன் வரும் குடும்ப முன்னெழுத்துகள்) கடை நடத்துவார், கையெழுத்தும் அந்த விலாசத்தில்தான். அதனால் ஏட்டைப் பார்த்துப் பதிந்தவருக்கு அவர் பங்காளி மாதிரித்தான் தெரிவார். விலாசம் ஒன்றுதான் என்பதற்காக யாரையும் பங்காளி வரிசையில் சேர்த்துவிடாதீர்கள்.

நான் செய்த முதல் தவறு, இரட்டைப் பெயர்களை நீக்கித் தரச் சொல்லி ஒரு கணினி மையத்தில் கோப்பைக் கொடுத்தது. இரண்டு நாளில் திரும்பி வந்தது. "ஒரே பேரு, ஒரே ஊருன்னா ஒண்ணாக்கிட்டோம் சார்" என்றார் அங்கிருந்த தம்பி. எனக்கு அடிவயிற்றில் பகீரென்றது. மூத்த மகனுக்கு அப்பச்சியை (அப்பாவை) பெற்ற ஐயாவின் பெயரை வைப்பது நம் வழக்கம். ஒரே வீட்டில் ஒன்று விட்டு ஒரு தலைமுறைக்கு அதே பெயர், அதே ஊர் வரும். அந்த மையத்துக்காரர்கள் ஐயாவையும் பேரனையும் ஒரே ஆளாக்கி, ஆச்சிமாரைப் பேரனுக்கு இரண்டாம் மனைவியாக்கி வைத்திருந்தார்கள். பழைய கோப்பின் நகல் ஒன்றை நான் தனியாக வைத்திருந்ததால் தப்பித்தேன். ஆனாலும் மூன்று வாரம் போனது போனதுதான். கோப்பை யார் கையில் கொடுத்தாலும் நகல் எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

அந்தக் குழப்பத்துக்குப் பின்னால் இன்னொரு விஷயமும் இருந்தது. ஐயா கல்யாணம் துந்துபி ஆண்டு தை மாதம் என்று ஏட்டில் இருக்கிறது. கணக்குப் போட்டால் 1923 தொடக்கம். கோப்பில் 1983 என்று இருந்தது. 60 ஆண்டுக்கு ஒரு முறை அதே ஆண்டுப் பெயர் வருமே, அடுத்த சுற்றை எடுத்துக்கொண்டார்கள். அதோடு, ஐயா பெயரையே வைத்த பெரியப்பச்சி மகனுக்கும் அதே துந்துபி தையில்தான், 1983-இல், கல்யாணம் ஆனது. பெயர், ஊர், ஆண்டு, மாதம் நான்கும் ஒன்று. எந்த மென்பொருளும் இருவரையும் ஒருவர் என்றுதான் சொல்லும். அதனால் தமிழ் ஆண்டுப் பெயரை மட்டும் பார்த்துத் தேதி போடாதீர்கள். அந்த ஆளின் பிள்ளைகள் எப்போது பிறந்தார்கள் என்று பார்த்துவிட்டுச் சுற்றை முடிவு செய்யுங்கள்.

சரி, பழைய நகலிலிருந்து மறுபடி தொடங்கினேன். கிராம்ப்ஸில் ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்து, அவரோடு எந்த இணைப்பும் இல்லாதவர்களைக் காட்டச் சொல்லும் கருவி உண்டு. என்னை வைத்துத் தேடினேன். 386 பேர் வந்தார்கள். அப்படியென்றால் மீதி 3,926 பேரும் எனக்கு உறவா? அந்தக் கருவிக்குக் கல்யாணமும் இணைப்புதான். என் கொழுந்தியாள் வீட்டுச் சம்பந்தியின் மருமகனும் அதற்கு உறவு. 70-க்கும் மேற்பட்ட ஊர்களுக்குள்ளேயே கொண்டும் கொடுத்தும் வந்த நமக்கு, அந்த வழியில் பார்த்தால் உறவில்லாதவர் யாருமே இருக்க மாட்டார்கள்.

அப்புறம் வேறொரு வடிகட்டியைப் பிடித்தேன். பொது மூதாதை உள்ளவர்களை மட்டும் எடுத்துத் தருவது அது. 1,107 பேர் வந்தார்கள். இவர்களுக்கு 'ரத்த உறவு' என்று அடையாளம் போட்டேன். கல்யாணத்தால் வந்தவர்களுக்குக் 'கொண்டான் கொடுத்தான்'. அந்த 386 பேருக்கு 'ஏட்டுப் பெயர்'. எதையும் அழிக்கவில்லை.

பட்டியல் சரிதானா என்று சோதிக்க எனக்குக் கைகொடுத்தது நம் ஒன்பது கோவில் முறை; நம் குடும்பம் ஒவ்வொன்றும் அந்த ஒன்பதில் ஒரு கோவிலைச் சேர்ந்தது. ஒரே கோவிலுக்குள் பெண் கொடுப்பதில்லை. இளையாற்றங்குடியிலும் மாத்தூரிலும் மட்டும் கோவிலுக்குள் இருக்கும் பிரிவு வேறானால் செய்யலாம். பிள்ளையார்பட்டியும் இரணியூரும் அண்ணன் தம்பி முறை, அவர்களுக்குள்ளும் இல்லை. ஆகவே கணவன், மனைவி இருவரும் ஒரே கோவில் என்று கோப்பு காட்டினால் அங்கே பெரும்பாலும் தவறு இருக்கிறது. தேடியதில் 17 தம்பதிகள் வந்தார்கள். 11 இடத்தில், கோப்புகளைச் சேர்க்கும்போதே இரண்டு ஆட்கள் ஒன்றாகியிருந்தார்கள். 5 இடத்தில் மனைவிக்குப் புகுந்த கோவிலைப் பிறந்த கோவிலாகப் போட்டிருந்தார்கள். ஒன்று மட்டும் சரி, இளையாற்றங்குடியிலேயே வேறு வேறு பிரிவு. பெண்களுக்குப் பிறந்த கோவில், புகுந்த கோவில் என்று இரண்டு இடம் வைத்துப் பதியுங்கள். இதை முதலிலேயே செய்திருந்தால் எனக்கு ஒரு மாதம் மிச்சம்.

இதற்கு நடுவில் அலைந்த அலைச்சலை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. அந்த 386 பேரில் ஒன்பது பேர் தனியாக, தங்களுக்குள் மட்டும் இணைந்து நின்றார்கள். வேறு ஊர், ஆனால் எங்கள் கோவில், எங்கள் பிரிவு. அவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள அந்த ஊர் நகரத்தார் சங்க அலுவலகத்துக்கு 40 கிலோமீட்டர் பஸ்ஸில் போனேன். புள்ளிக் கணக்கு நோட்டை (ஊரில் உள்ள குடும்பங்களின் பதிவு) வெளியூர்க்காரருக்குக் காட்ட மாட்டோம், உங்கள் ஊர்க் கடிதம் வேண்டும் என்றார் எழுத்தர். கடிதம் வாங்கிக்கொண்டு போனேன். கோவில் இருக்கிறது, பிரிவு எழுதவில்லையே என்று திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை எல்லாம் சரியாக இருந்தது. நோட்டை எடுத்து வைத்தார். கடந்த 30 வருடக் கணக்குதான் அதில் இருந்தது. அதற்கு முந்தையது அங்கே இல்லவே இல்லையாம். இந்த ஒரு வார்த்தையை முதல் நாளே சொல்லியிருக்கலாம். நீங்கள் போவதாக இருந்தால், எந்த ஆண்டிலிருந்து நோட்டு இருக்கிறது என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அப்படியே நோட்டு கிடைத்தாலும், கல்யாணமான ஆண்களை வைத்துத்தான் புள்ளி. ஆச்சிமாரின் பிறந்த வீட்டை அதில் தேடாதீர்கள்.

ஒன்பது பேரையும் அழித்துவிடலாம் என்று தோன்றியது. கோவிலும் பிரிவும் ஒன்றாக இருந்ததுதான் கையைத் தடுத்தது. மொய் ஏட்டை எடுத்துக்கொண்டு பெரியாத்தாவிடம் போனேன். வயது 88. காது மந்தம், நினைவு அப்படியே இருக்கிறது. ஏட்டின் ஓரத்தைக் கரையான் தின்றிருந்தது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காத எழுத்து. துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். மற்றவர்களுக்கு நேரே ௨ (2), ௫ (5) என்று தொகை. பங்காளிகளுக்கு அடுத்தாற்போல் வேற்றூர்ப் பெயர்கள் நான்கு, நான்குக்கும் நேரே ௨௫ (25). நான் சத்தமாகப் படிக்கப் படிக்கப் பெரியாத்தா விரலை நீட்டி நிறுத்தினார்.

"இவுகள மொய் வச்ச ஆளுகன்னா நெனச்ச? ஒங்க ஐயாவப் பெத்த வீடு தம்பி இது. ஐயா பிள்ளைக்கு வந்தவுகல்ல."

அப்பச்சி இதைச் சொன்னதேயில்லை. ஐயா சின்ன வயதில் சுவீகாரம் வந்தவர், வந்ததும் விலாசம் மாறிவிட்டது. பிள்ளை கூட்டுவது பெரும்பாலும் அதே கோவிலுக்குள்தான் என்பதால் கோவிலும் பிரிவும் மாறவில்லை. நாலு மாதமாக நான் தேடியது பத்து நிமிடத்தில் வளவு வீட்டுத் திண்ணையில் கிடைத்தது. சங்க நோட்டைத் தேடி ஓடும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் ஏட்டை வரி வரியாகப் படித்துக் காட்டுங்கள். சும்மா "தெரியுமா" என்று கேட்டால் அவர்களுக்கு நினைவு வராது. பெயர் காதில் விழ வேண்டும்.

கிராம்ப்ஸில் ஓர் ஆளுக்கு இரண்டு ஜோடிப் பெற்றோர் போடலாம், ஒன்றைச் சுவீகாரம் என்று குறிக்கவும் இடம் இருக்கிறது. அன்று இரவே ஐயாவுக்கு இரண்டையும் போட்டேன். ஒன்பது பேரும் ரத்த உறவு வரிசைக்கு வந்தார்கள். மீதி 377 பேர் ஏட்டுப் பெயராகவே இருக்கிறார்கள். ரங்கூன் மேலாளை மட்டும் கடைக்காரர் என்ற தொடர்பில் ஐயாவோடு கட்டி வைத்தேன்.

மறுநாள் விசாரித்து, அந்த ஊரில் இப்போது இருப்பவர்களுக்குப் போன் செய்தேன். அவர்கள் வீட்டிலும் கையால் எழுதிய வம்ச நோட்டு ஒன்று இருக்கிறதாம், அதில் ஐயா பெயரும் இருக்கிறதாம். அவருக்குக் கீழே மட்டும் கோடு எதுவும் போடவில்லை என்றார்கள். எங்கள் வீட்டு 46 பேரின் பெயரையும் பிறந்த வரிசைப்படி எழுதி நேற்று தபாலில் அனுப்பினேன்.