முந்திரி மரத்தில் இறங்கிய டிரெய்னர்

மூன்று வாரமாக ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்த ஃபோம் டிரெய்னர் (ஓட்டிப் பழகும் ரிமோட் விமானம்), நேற்று முந்திரி மரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. இடது இறக்கை நுனி போச்சு, புரொப்பெல்லர் போச்சு. மோட்டார் தப்பியது.

கடலூரில் இருந்துகொண்டு காற்று திரும்பும் நேரத்தை மறந்தது என் தப்புதான். ஆனி மாதம், காலையில் மேல்காற்று. மல்லாட்டை பிடுங்கிய கொல்லையில் காற்றை எதிர்த்து மேற்கே பார்த்து எழுப்பி, மேற்கே பார்த்தே இறக்கினேன். மூன்று பேட்டரி அப்படியே ஓடியது. நாலாவது பறந்துகொண்டிருக்கும்போது, ஒரு மணி சுமாருக்குக் கடல்காற்று ஏறிவிட்டது. கொல்லைக்கார மாமா வரப்பில் நின்று "காத்து மாறிப்போச்சு தம்பி" என்றார். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. பழக்கதோஷத்தில் அதே கிழக்குப் பக்கமிருந்து கொண்டுவந்தேன். முழுக்கப் பின்காற்று.

கண்ணை நம்பித்தான் கெட்டேன். இறக்கைக்குத் தெரிவது காற்றில் அதன் வேகம், நமக்குத் தெரிவது தரைமேல் ஓடும் வேகம். என்னுடையது மணிக்கு சுமார் 30 கி.மீ. வேகத்தில் இறங்கும், 24-க்குக் கீழே போனால் ஸ்டால், அதாவது இறக்கை தூக்குவதை விட்டுவிடும். 12 கி.மீ. எதிர்காற்றில் அது 18-இல் தவழ்ந்து வரும். அதே காற்று பின்னால் அடித்தால் 42. பார்த்ததும் கை தானாகத் திராட்டிலை (மோட்டார் வேகம்) குறைத்து எலிவேட்டரை (மூக்கைத் தூக்கும் வால் தகடு) இழுக்கிறது. முதல் முறை அப்படி இழுத்ததில் ஆள் உயரத்தில் இறக்கை சரிந்தது, முழுத் திராட்டில் கொடுத்து எப்படியோ மீட்டேன்.

இரண்டாவது முறை பயத்தில் வேகத்தைக் குறைக்கவே இல்லை. தரையை ஒட்டக் காற்று பலம் குறையுமே, அது அப்போது நினைவில்லை. பின்காற்று சட்டென்று குறைந்தால் இறக்கைமேல் ஓடும் காற்று கூடிவிடும். இடுப்பு உயரத்தில் மிதந்துகொண்டே போனது, இறங்கவே மாட்டேன் என்கிறது. 40 மீட்டர் பாதை முடிந்தது, முந்திரி வந்தது. 18-இல் மோதுவதற்கும் 42-இல் மோதுவதற்கும் ஆற்றலில் ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். நுனியோடு போனதே அதிர்ஷ்டம்.

நிஜ விமானங்களிலும் இதே பயம்தான். பெரும்பாலான பயணிகள் ஜெட்டுகளுக்குப் பின்காற்று வரம்பு 10 நாட் (மணிக்கு சுமார் 18.5 கி.மீ.). ஓடுபாதைக் கணக்கில் எதிர்காற்றில் பாதியைத்தான் சேர்ப்பார்கள், பின்காற்றை ஒன்றரை மடங்காக வைப்பார்கள். புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தின் 1,500 மீட்டர் சொச்சம் ஓடுபாதையை நினைத்தால் அந்தக் கஞ்சத்தனம் புரிகிறது.

இனி பாதையின் இரண்டு முனையிலும் மூங்கில் குச்சி, அதில் ஜிகினா ரிப்பன். ஒவ்வொரு பேட்டரிக்கும் முன்னால் பார்த்தே தீருவது. புரொப்பெல்லரை இந்த முறை சென்னை ரிச்சி தெருவுக்கு நேரில் போய்த்தான் வாங்கணும். போன தடவை ஆன்லைன் கடைக்காரர் எதிர்ப்பக்கம் சுழலும் புரொப்பெல்லரை அனுப்பிவிட்டு, பத்து நாள் அலையவிட்டார். ஃபிளாப் (மெதுவாக இறங்க உதவும் இறக்கை மடிப்பு) வைக்கலாமென்று புது இறக்கைக்கு வரைபடமும் போட்டாச்சு. பழைய இறக்கையை இன்னும் ஒட்டவில்லை. ஒரு சக்கரம் மரத்திலேயே தொங்குகிறது, மாமாவிடம் தொரட்டிக்கோல் கேட்கணும்.