போட் இழுக்க ஒரு பழைய ஜீப்

பட்ஜெட் 6 லட்சம். மச்சானோட சின்ன ஃபைபர் போட்டை டிரெய்லர்ல காசிமேட்டுலேருந்து பழவேற்காடு வரைக்கும் இழுக்கணும். ராத்திரி அங்கேயே டென்ட். மனசு மாருதி ஜிப்ஸி மேலதான். எடை ஒரு டன்னை ஒட்டித்தான், மணல்ல சுலபமா புதையாது. ஆனா 1.3 லிட்டர் பெட்ரோல், டார்க், அதாவது இன்ஜின் சுத்துற விசை, 103 நியூட்டன் மீட்டர்தான். மஹிந்திராவோட பழைய தார் ஜீப்புல, சிஆர்டிஇ டீசல் இன்ஜின்ல 247. இழுவைன்னு வந்தா தார்தான்.

எல்லாரும் பெயின்ட்டைப் பார்க்கிறாங்க. நம்ம பக்கம் உப்புக்காத்து, அடியிலதான் துரு ஏறும். வண்டிக்கு அடியில படுத்து சேஸிஸை, அதான் அடிச்சட்டத்தை, ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. அடியில புதுசா கறுப்பு பெயின்ட் மின்னுச்சுன்னா இன்னும் ஓங்கிக் குத்துங்க. ராயபுரத்துல ஒரு வண்டியில முனை உள்ளேயே போயிடுச்சு. ஓனர் மூஞ்சியைப் பார்க்கணுமே!

ஃபோர் வீல் டிரைவை, அதாவது நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கிறதை, மணல்ல போட்டுப் பாருங்க. காய்ஞ்ச ரோட்டுல போட்டுத் திருப்பினா முன்சக்கரமும் பின்சக்கரமும் மல்லுக்கட்டும், கியர் பாக்ஸுக்குக் கேடு.

கோயம்புத்தூர்ல ஒரு 2014 தார் இருக்காம். ஞாயித்துக்கிழமை மெக்கானிக் அண்ணனோட கிளம்பறேன்.