தோளில் விழும் கை

இரட்டை வேடப் படத்தில் எது கஷ்டம் என்று கேட்டால், ஒரே முகத்தை இரண்டு இடத்தில் காட்டுவதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. கேமராவை அசையாமல் பூட்டிவைத்து, நடிகரை இடது பக்கம் ஒருமுறையும், உடை மாற்றி வலது பக்கம் ஒருமுறையும் நிற்கவைத்து எடுத்துக் கொடுத்தால், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பையன்கூட இரண்டையும் ஒட்டிவிடுவான். அண்ணன் தம்பியைத் தொடும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கும். விரல் பட்ட இடத்தில் சட்டை மடங்க வேண்டும். கையின் நிழல் கழுத்தில் விழ வேண்டும். தொடப்பட்டவனின் தோள் கொஞ்சமாவது இறங்க வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும், என்ன தப்பு என்று சொல்லத் தெரியாத ரசிகனுக்கும் ஏதோ தப்பு என்பது தெரிந்துவிடும்.

நான் சென்னையில் கம்பாசிட்டிங் வேலை பார்க்கிறேன். தனித்தனியாக எடுத்த காட்சித் துண்டுகளை ஒரே ஃப்ரேமுக்குள் சேர்த்து, சேர்த்த தடம் தெரியாமல் ஆக்குவது எங்கள் தொழில். சில வருஷங்களுக்கு முன்னால் இரட்டையர் கதை ஒன்று வந்தது. ஷாட் பட்டியலைப் பார்த்ததும், “சார், தம்பி தோளில் அண்ணன் கை வைக்கிற ஷாட்டை மட்டும் விட்டுடலாமா?” என்று இயக்குநரிடம் கேட்டேன். “அது இல்லாட்டி ரெண்டு பேரும் கூடப் பிறந்தவங்கன்னு எவன்யா நம்புவான்? கார்சிகன் பிரதர்ஸ்லயே அதுதான் சீன்” என்றார். அவர் மனதில் இருந்தது பழைய ஹாலிவுட் படம். நான் தேடிப் போய்ச் சேர்ந்த இடம் அதற்கும் முந்தைய ஒரு பிரெஞ்சு மேடை நாடகம்.

பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் துமா ‘கார்சிகச் சகோதரர்கள்’ என்ற குறுநாவலை 1844ல் எழுதினார். அதை நாடகமாக்கியது அவர் அல்ல. யூஜின் கிராஞ்சே, சேவியர் த மோந்தபன் என்ற இரண்டு நாடகாசிரியர்கள். பாரிஸில் துமா தொடங்கிய தியேத்தர் இஸ்தோரிக் அரங்கில் 1850 ஆகஸ்டில் அது மேடையேறியது. சகோதரர்கள் இருவராகவும் நடித்தவர் சார்ல்ஸ் ஃபெக்டர். அரங்கம் அந்த வருஷமே நொடித்துப் போனது. நாடகம் பிழைத்துக்கொண்டது.

கதை எளிது. கார்சிகா தீவில் தாயுடன் இருப்பவன் ஃபாபியன். குறுநாவலில் அவன் பெயர் லூசியன், மேடைக்கு வந்தபோது பெயர் மாறிவிட்டது. பாரிஸில் சட்டம் படிப்பவன் லூயி. பிறக்கும்போது உடல் ஒட்டிப் பிறந்து, பிறகு பிரிக்கப்பட்டவர்கள். ஒருவனுக்கு நேர்வதை மற்றவன் தூரத்திலிருந்தே உணர்வான். ஒரு பெண்ணின் மானம் காக்கப் போய், ஷாத்தோ-ரெனோ என்ற கேடுகெட்ட கனவானோடு மோதி லூயி சாகிறான். ஃபாபியன் வந்து பழி வாங்குகிறான். அவ்வளவுதான். குறுநாவலில் துப்பாக்கிச் சண்டை, மேடையில் வாள் சண்டை. அந்த மாற்றத்தின் காரணம் எனக்கு உடனே புரிந்தது. துப்பாக்கி ஒரு நொடியில் காட்சியை முடித்துவிடும், வாளை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இழுக்கலாம். கடைசிச் சண்டையில் ஷாத்தோ-ரெனோவின் வாள் உடைய, ஃபாபியன் தன் வாளையும் வேண்டுமென்றே உடைத்துக்கொண்டு, துண்டு வாள்களை இருவரும் கத்திபோலப் பிடித்து மோதுகிறார்கள். எந்த ஸ்டண்ட் மாஸ்டர் கேட்டாலும் கண் விரியும்.

நாடகம் உலகம் சுற்றியதற்குக் காரணம் லண்டன். டயன் பூசிகோ ஆங்கிலத்தில் எழுதிய வடிவத்தை 1852 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டு தெருவிலிருந்த பிரின்சஸ் தியேட்டரில் நடிகர் சார்ல்ஸ் கீன் போட்டார். விக்டோரியா மகாராணி அந்த வருஷமே திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார். முதல் அங்கமும் இரண்டாம் அங்கமும் ஒரே நேரத்தில் நடப்பவை. முதலாவது கார்சிகாவில், அடுத்தது பாரிஸில். முதல் அங்கத்தின் முடிவில் பின்சுவர் திறந்து, ஃபோந்தேன்புளோ காட்டில் லூயி அடிபட்டுக் கிடப்பது தெரியும். இரண்டாம் அங்கம் அதே காட்டில் அதே நொடியில் முடியும். இப்போது பின்னால் திறப்பது கார்சிகா வீடு. ஒரே நிகழ்ச்சியை இரண்டு பக்கத்திலிருந்தும் காட்டும் இந்த வேலையை நாங்கள் எடிட்டிங் டேபிளில் செய்கிறோம். அவர்கள் தட்டிகளையும் கயிறுகளையும் வைத்துச் செய்திருக்கிறார்கள்.

நான் தேடிய ஷாட் முதல் அங்கத்தின் முடிவில் இருந்தது. ஃபாபியன் மேல்கோட்டைக் கழற்றிவிட்டு, தம்பிக்குக் கடிதம் எழுதி முத்திரையிடுகிறான். அப்போது லூயியின் ஆவி வருகிறது. அண்ணனைப் போலவே சட்டையோடு மட்டும், ஆனால் மார்பில் ரத்தக் கறை. தரையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எழும்பிக்கொண்டே மேடையின் குறுக்கே மிதந்து வந்து, ஃபாபியனின் இடது தோளில் கை வைக்கிறது. மேடைக் குறிப்பே இதுதான். இயக்குநர் சொன்னது சரி. அதுதான் சீன்.

இதை எப்படிச் செய்தார்கள் என்பதில்தான் நான் பல இரவுகளைத் தொலைத்தேன். மேடைக்கு அடியில் சரிவாக ஒரு தண்டவாளம். அதன்மேல் சக்கரம் வைத்த சின்னப் பலகை. ஆவியாக வருபவர் அதில் நிற்பார், கீழே இருப்பவர்கள் கயிற்றால் இழுப்பார்கள். பலகை நகர நகரச் சரிவு அவரை மேலே தூக்கும். அதனால் முதலில் தலை, பிறகு மார்பு, இடுப்பு என்று உருவம் வளர்ந்துகொண்டே குறுக்கே போகும். சரி, மேடைத் தரையில் நீளமாக ஒரு பிளவு இருக்குமே, அது கண்ணில் படாதா? அதற்கு, மெல்லிய மரச் சட்டங்களைத் துணியில் ஒட்டி, கடை ஷட்டர் மாதிரி உருளும் ஒரு மூடி. ஆவியோடு சேர்ந்தே அதுவும் நகரும். உருவம் வெளிவரும் ஓட்டையின் விளிம்பில் தூரிகை மயிர்களை வைத்துத் தரை நிறத்தில் தீட்டிவிட்டார்கள். கால் அசையாமல், மேடையே அவரைக் கொண்டுபோகிற மாதிரி இருக்கும். இதற்குக் கார்சிகன் ட்ராப் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஐல் ஆஃப் மேன் தீவின் டக்ளஸ் நகரில், ஃபிராங்க் மேட்சம் 1900ல் கட்டிய கெயிட்டி தியேட்டரில் இன்றும் இயங்கும் நிலையில் ஒன்றைச் சீரமைத்து வைத்திருக்கிறார்கள். ஆவி வரும்போதெல்லாம் வாசித்த நடுங்கும் வயலின் மெட்டு தனியாகவே பிரபலமாகி, அச்சிட்ட இசைத்தாளாக வீடுகளின் பியானோவுக்குப் போயிருக்கிறது. சக்கரச் சத்தத்தை மூடவும் அந்த வயலின்கள் உதவியிருக்கும் என்பது என் தொழில்புத்தி சொல்லும் ஊகம்.

இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. இரண்டு சகோதரர்களுக்கும் ஒரே நடிகர் என்றால், மேடையில் இருவரும் சேர்ந்து நிற்கும்போது இரண்டாவது ஆள் யார்? டூப்தான். ஒத்த உயரம், ஒத்த விக், ஒத்த சட்டை. நாடகத்தை அந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள், பாதி அமைப்பு டூப்புக்காகவே போடப்பட்டது என்பது தெரியும். முதல் அங்கத்து ஆவிக்கு வசனமே கிடையாது. பின்னால் திறக்கும் காட்டுக் காட்சியில் கிடப்பவன் தூரத்தில், கூட்டாளிகள் தாங்கிப் பிடிக்க, அசைவில்லாமல் கிடக்கிறான். பேசுபவன் எப்போதும் நட்சத்திர நடிகர். பேசாமல் கிடப்பவனும் எட்ட நிற்பவனும் இன்னொருவனாக இருக்கலாம். நாங்கள் ஷாட் பிரிப்பதும் இப்படியேதான்.

1880 செப்டம்பரில் லண்டனின் லைசியம் தியேட்டரில் நடிகர் ஹென்றி இர்விங் இதை எடுத்தபோது எல்லாம் பிரம்மாண்டமாகிவிட்டது. திரைக்குப் பின்னால் தச்சர்கள், கேஸ் விளக்குக்காரர்கள் என்று பெரும் படையே வேலை செய்தது. மேடைக்குப் பின்னால் வந்த பிரதமர் கிளாட்ஸ்டன், ஓபரா காட்சிக்காக மேடைமேல் போட்டிருந்த பாக்ஸ் இருக்கையில் போய் உட்கார, ஜனங்கள் அடையாளம் கண்டு கைதட்டினார்கள் என்று அந்தத் தியேட்டரின் மேலாளர் எழுதியிருக்கிறார். அந்த மேலாளர் பெயர் பிராம் ஸ்டோக்கர். டிராகுலா எழுதியவரேதான்.

அப்புறம் சினிமா வந்தது. 1898லேயே இங்கிலாந்தின் பிரைட்டன் பக்கத்தில் ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித் இந்தக் கதையை ஒரு குட்டிப் படமாக எடுத்துவிட்டார். கறுப்பு வெல்வெட் துணியை மாட்டி, ஃபிலிமைத் திரும்பச் சுற்றி, அதே ஃபிலிமில் ஆவியை இரண்டாவது முறை எடுக்கும் உத்தி. ஆவி வழியாகப் பின்னால் இருக்கும் மேஜை நாற்காலிகள் தெரியும் என்பதுதான் விற்பனை அட்டவணையின் விளம்பரம். ஆனால் ஊடுருவித் தெரியும் கை ஒரு தோளைத் தொட்டால் அங்கே எடையே இருக்காது. மேடையில் ரத்தமும் சதையுமாக டூப் வைத்த கைக்கு இருந்த கனம் இந்தத் தந்திரத்தில் தொலைந்துபோனது. முன்னேற்றம் என்று நாம் சொல்வதில் இப்படிச் சில இழப்புகளும் உண்டு.

1941ல் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் ஜூனியர் இரட்டையராக நடித்த ஹாலிவுட் படம் நாடகத்தின் ஆவியைக் கைவிட்டது. ஒருவன் அடிபட்டால் மற்றவனுக்கு வலிக்கும் என்பதை மட்டும் பெரிதாக எடுத்துக்கொண்டது. அங்கிருந்து கதை நேராகச் சென்னைக்கு வந்தது. ஜெமினி ஸ்டூடியோவில் எஸ்.எஸ்.வாசன் 1949ல் எடுத்த ‘அபூர்வ சகோதரர்கள்’ இதே கதைதான். எம்.கே.ராதா இரட்டை வேடம், ஜோடி பானுமதி. அதே கதை இந்தியில் ரஞ்சன் நடிக்க ‘நிஷான்’ ஆனது, தெலுங்கிலும் வந்தது. (கமல் படம் வேறு. பெயர் மட்டும்தான் ஒன்று.) ராதா மேடையிலிருந்து வந்தவர், நாடக ஆசிரியர் கந்தசாமி முதலியாரின் மகன். 1936ல் ‘சதி லீலாவதி’யில் அவர் நாயகன், சின்ன வேடத்தில் அறிமுகமானவர் எம்.ஜி.ஆர். 1971ல் ‘நீரும் நெருப்பும்’ என்று அந்த இரட்டை வேடத்தை எம்.ஜி.ஆரே வண்ணத்தில் செய்தார். பாரிஸில் ஃபெக்டர் போட்ட வேஷம் இப்படிக் கைமாறி வந்திருக்கிறது.

கறுப்பு வெள்ளைக் காலத்து கேமரா உதவியாளர் ஒருவரிடம், மாஸ்க் ஷாட் எடுத்த விதத்தைக் கேட்டேன். லென்ஸில் பாதியை மறைத்து எடுப்பது, ஃபிலிமைப் பின்னால் சுற்றி, மறுபாதியை மறைத்து எடுப்பது. நடுக்கோடு தெரியாமலிருக்க அங்கே ஒரு தூணோ கதவு விளிம்போ வரும்படி செட் போடுவார்களாம். “கோட்டைத் தாண்டிக் கை போச்சுன்னா கை வெட்டுப்படும் தம்பி. அதனால தொடற ஷாட்டுக்கு டூப்பு. முதுகு காட்டி நிப்பான்” என்றார். பூசிகோவின் ஏற்பாடு நூறு வருஷம் தாண்டியும் அப்படியே இருந்திருக்கிறது.

எங்கள் படத்துக்கும் டூப் வந்தார். பல நடிகர்களுக்குக் கழுத்தாகவும் தோளாகவும் இருந்தவர். முதல் நாளே என்னிடம் வந்து, “நீங்கதானே கம்பாசிட்டிங்? என் கையை வச்சுக்கறீங்களா, அழிச்சிடறீங்களா?” என்று கேட்டார். ஹீரோவின் தோளில் அவரே கை வைத்து ஒரு டேக். முகத்தை மட்டும் பிறகு ஹீரோவை எடுத்து மாற்றினோம். விரல், நிழல், சட்டை மடிப்பு எல்லாம் நிஜம். அந்தக் கையை நான் அழிக்கவில்லை. தோல் நிறத்தை மட்டும் கொஞ்சம் மாற்றினேன்.

இப்போது முகத்தை மாற்றுவது சுலபமாகிவிட்டது. டூப் கேமராவைப் பார்த்தே நடிக்கலாம், முதுகு காட்ட வேண்டியதில்லை. அதன் விளைவு, இரட்டையர்கள் சதா கட்டிப்பிடிக்கிறார்கள், மல்லுக்கட்டுகிறார்கள், ஒருவர் கண்ணீரை ஒருவர் துடைக்கிறார்கள். 1852ல் முதல் அங்கம் முழுக்கக் காக்கவைத்து அதன் முடிவில்தான் அந்தக் கையை வைத்தார்கள். சமீபத்தில் எங்களிடம் வேலைக்கு வந்த ஒரு படத்தின் இயக்குநரிடம் இதைச் சொன்னபோது பொறுமையாகக் கேட்டார், ஷாட் பட்டியலை வாங்கிப் பார்த்தார். இரண்டு கட்டிப்பிடிகளை நீக்கிவிட்டார். அந்த இடத்தில் ஒரு குத்துச்சண்டை சேர்த்திருக்கிறார்.