மூணே நாளில் பரு அடங்கும் டியூப்

மெடிக்கலில் போய் "அண்ணா, பருவுக்கு ஏதாவது க்ரீம் குடுங்க" என்று கேட்டு வாங்கும் டியூபைத் திருப்பி, பொடி எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இதில் சிக்கலே அது நன்றாக வேலை செய்வதுதான். மூன்று நாளில் சிவப்பு அடங்கி, முகம் வெளுத்து, "என்னடி போடுற?" என்று பக்கத்து வீட்டில் கேட்கும் அளவுக்குப் பளபளக்கும். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகப் பொரிந்து தள்ளும், எரியும், மறுபடி தடவினால் அடங்கும், இப்படியே மாதக்கணக்கில் ஓட, தோல் மெலிந்து ரத்த நாளம் தெரியும், கன்னத்தில் பூனைமுடி அடரும். என் சித்தி மகள் பட்டது இதுதான். டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் மத்திய அரசு 2018இல் இப்படிப்பட்ட களிம்புகளைச் சேர்த்தது. கடையில் யார் சீட்டு கேட்கிறார்கள்?

பரு அழுக்கால் வருவதில்லை. ஆண்ட்ரோஜன் ஹார்மோன் எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்ட, செத்த செல்கள் துளையின் வாயை அடைக்க, உள்ளே கிருமி பெருகி வீங்குகிறது. ஆறு தடவை சோப்பு போட்டால் தோல்தான் காயும். எலுமிச்சைச் சாறு, பற்பசை எல்லாம் எரிச்சலும் கருமையும்தான் தரும். நெற்றியில் மட்டும் பொடிப்பொடியாக வந்தால் தலைக்கு வைக்கும் எண்ணெயைக் குறைத்துப் பாருங்கள் (பாட்டி சண்டைக்கு வருவார், வரட்டும்).

லேசான பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு ஜெல் 2.5 சதவீதமே போதும், சதவீதம் கூடினால் எரிச்சல்தான் கூடும். தலையணை உறை வெளுத்துப் போகும், பழசாகப் போடுங்கள். டாக்டர் அடாபலீன் ஜெல் எழுதினால் இரவில் பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கத் தடவ வேண்டும், பருவின் மேல் மட்டும் பொட்டு வைக்கக் கூடாது. முதல் சில வாரம் தோல் உரியும், பரு கூடினது போலத் தெரியும், பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். பெரும்பாலானவர்கள் விட்டுவிட்டு அந்த மூணு நாள் டியூபுக்குத் திரும்புவது இந்த இடைவெளியில்தான். கர்ப்பமாக இருந்தாலோ, அப்படித் திட்டம் இருந்தாலோ அடாபலீன் வேண்டாம். கடும் பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெடினோயின் மாத்திரை கருவையே பாதிக்கும், தோழிக்கு எழுதியதை வாங்கிப் போடாதீர்கள். தாடையில் பரு, மாதவிடாயும் தள்ளிப்போகிறது என்றால் பிசிஓஎஸ் (சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே ஸ்டீராய்டு போட்டுக்கொண்டிருந்தால் அந்த டியூபையே கையோடு தோல் டாக்டரிடம் எடுத்துப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஓபி சீட்டு போட்டாலே பார்ப்பார்கள். பெயரை மட்டும் வாயால் சொன்னால் பாதி நேரம் தப்பாகத்தான் சொல்வோம்.